சங்கம் மன்றமான கதை

ஆயர் ஈத்தாமிலிருந்து பத்து பகாட் செல்லும் சாலையில், ஜொகூர் மாநிலத்தின் பாரிட் ராஜாவில் இருக்கிறது துன் ஹுசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம். 1993-ல் பாலிடெக்னிக் விரிவுரையாளர்களுக்கான பயிற்சி மையமாகத் தொடங்கிய அது, 2007-ல் பல்கலைக்கழகமானது. மலேசியாவின் மற்றப் பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றைப் போலவே இங்கும் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது எம்.பி.பி. என்னும் மாணவர் பிரதிநிதித்துவ மன்றத்தை. அதற்கு முன் இருந்த மாணவர் சங்கத்தை இந்த வளாகம் பார்த்ததே இல்லை.

மலேசிய மாணவர் அரசியலின் தொடக்கம் சிங்கப்பூரில். 1949-ல் அங்கே உருவான மலாயாப் பல்கலைக்கழகத்தில் சோஷலிஸ்ட் மன்றம் 'ஃபஜார்' என்ற இதழை நடத்தியது. 1954-ல் ஒரு தலையங்கத்துக்காக அதன் ஆசிரியர் குழுவினர் எட்டுப் பேர் மீது ராஜதுரோக வழக்கு பாய்ந்தது. ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார், அருட்சோதி ஆகியோர் அந்த எட்டுப் பேரில் அடங்குவர். வழக்கு நிற்கவில்லை, எல்லோரும் விடுதலையானார்கள்.

பின்னர் கோலாலம்பூர் வளாகத்தில் வளர்ந்த மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் அலுவலகமும் நிதியும் உடைய அமைப்பு. 1969 பொதுத்தேர்தலின்போது தனக்கென ஓர் அறிக்கை வெளியிட்டு, ஊர் ஊராகக் கூட்டம் போடும் அளவுக்கு அதற்குத் தெம்பு இருந்தது. அவ்வாண்டு மே மாத இனக் கலவரத்துக்குப் பின் அரசின் பொறுமை குறைந்தது. 1971-ல் 'ஔக்கு' எனப்படும் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது. மாணவர்களுக்கும் அரசியல் கட்சிகளுக்கும் இடையே அது வேலி போட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் ஹுசேன் ஓன் என்பதைப் பாரிட் ராஜா மாணவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

திருப்புமுனை ஜொகூரிலேயே நேர்ந்தது. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாரு தாசெக் உத்தாராவில் புறம்போக்கு நிலத்தில் குடியிருந்தவர்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. பொதுத்தேர்தல் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர்களுக்குத் துணையாகக் கோலாலம்பூரிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். சங்கத் தலைவர்களில் ஒருவரான ஹிஷாமுடின் ராயிஸ் கைதானார். அதை எதிர்த்து செப்டம்பர் 21 அன்று மாணவர் சங்கம் பல்கலைக்கழக நிர்வாகத்தையே கைப்பற்றியது. துணிச்சலான காரியம்தான், ஆனால் சங்கத்தை முடக்குவதற்கு அரசுக்கு அதுவே சாக்காயிற்று. டிசம்பரில், ரப்பர் விலை சரிந்து வாடிய பாலிங் விவசாயிகளுக்காகத் தலைநகரில் திரண்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பிடிபட்டார்கள்.

1975 சட்டத் திருத்தம் சங்கத்தின் இடத்தில் மன்றத்தை வைத்தது. மாணவர் அமைப்புகள் நிதி திரட்டுவதற்குத் தடை வந்தது. அவை மாணவர் விவகாரப் பிரிவின் கண்காணிப்புக்குள் வந்தன. தேர்தல் மட்டும் தொடர்ந்து நடந்தது. புலத்துக்கான இடம், பொது இடம் என வேட்பாளர்கள் போட்டியிட்டனர். கட்சிப் பெயர் கூடாது என்றாலும், பிற்காலத்தில் 'ஆஸ்பிராசி' என்றால் நிர்வாகத்தின் பக்கம், 'ப்ரோ மகாசிஸ்வா' என்றால் எதிர்ப்பக்கம் என்று வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

வேலி மெல்லவே தளர்ந்தது. 2010-ல் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் களத்துக்குப் போன தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டக்கூடாது என்ற விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ல் மாணவர்கள் கட்சியில் சேரலாம் என்றானது. 2018 இறுதியில் நிறைவேறிய திருத்தம் வளாகத்துக்குள்ளும் கட்சி அரசியலை அனுமதித்தது. நிதி விஷயம்தான் கடைசிவரை இழுத்தது. மாணவர் அமைப்புகள் தாங்களே பணம் திரட்டிக் கையாள வழிவிட்ட திருத்தம் 2024-ல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.