மாசி முதல் வைகாசி வரை: ஊட்டித் தோட்டங்களின் வசந்தம்

தமிழ் மரபில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். பெயர் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மேட்டுப்பாளையத்துக்குக் கீழே அந்த வெயிலில் விதை போட யாரும் அவசரப்பட மாட்டார்கள்; ஆடிப்பட்டம் வரட்டும் என்று இருப்பார்கள். வசந்தகாலத் தோட்ட வேலை என்று சொல்லும்படி தமிழ்நாட்டில் ஒன்று இருக்கிறதென்றால், அது நம் நீலகிரி போன்ற மலைகளில்தான்.

இதை வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வேலை என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. விதை அவர்களுடையது. ஆனால் எந்த மாதம் எதைச் செய்வது என்ற கணக்கு இந்த மலையில் பிறந்தது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறினார். சில ஆண்டுகளில் ஊட்டியில் கல் பங்களா கட்டிக் குடியேறி, உருளைக்கிழங்கு முதலான சீமைக் காய்களைப் பயிரிட்டுப் பார்த்தார். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் அவை நன்றாகவே வந்தன. பிறகு 1840-களில் இங்கிருந்த ஐரோப்பியர்கள் ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா போட்டுக் காய்கறித் தோட்டம் ஒன்றை நடத்தினார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. இன்று தாவரவியல் பூங்கா என்று நாம் சொல்லும் இடத்துக்கு முன்கதை அதுதான். கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற மக்கைவர் 1848-இல் இங்கே வந்து, சதுப்பும் காடுமாகக் கிடந்த சரிவைப் பல ஆண்டுகள் உழைத்துப் பூங்காவாக்கினார்.

இங்கிலாந்தின் தோட்ட நாட்காட்டி இங்கே அப்படியே செல்லுபடியாகாது. அங்கே வசந்தத்தில் விதைத்தால் கோடை முழுவதும் செடி வளர்ந்து பூக்கும். இங்கே ஜனவரியில் உறைபனி. பிப்ரவரி வரைகூட அதை நம்ப முடியாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து பூக்களை அடித்துக் கொட்டிவிடும். நடுவில் கிடைப்பது மூன்றரை மாதம். அதற்குள் நட்டு, வளர்த்து, பூக்க வைத்தாக வேண்டும்.

அதனால் நம் வசந்த வேலை பனி இருக்கும்போதே ஆரம்பமாகிறது. ஜனவரியில் நாற்றங்காலில் விதைக்கிறார்கள். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விடும் என்பதால், நாற்றுகள் மேல் கோத்தகிரி மிலார் கிளைகளைக் கவிழ்த்து மூடுகிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். உறைந்த இலை மேல் திடீரென்று வெயில் பட்டால் கருகிவிடும். இன்று தெளிப்பான் வந்துவிட்டாலும் மிலார் போகவில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் ரோஜா பூக்க வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியில் கவாத்து செய்ய வேண்டும். வெட்டிய நுனியில் பூஞ்சை ஏறாமலிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையைத் தடவுவார்கள். மாசியில் பேன்சி, பெட்டூனியா, சால்வியா நாற்றுகள் தொட்டிக்கு மாறும். விவசாயிகளோ பாசன வசதி உள்ள இடத்தில் நீர்போகமும், கோடை மழையை எதிர்பார்த்துக் கார்போகமும் போடுவார்கள். இந்தப் போகப் பெயர்களைப் பாருங்கள், ஒன்றாவது ஆங்கிலமா?

இந்த அவசரத்துக்கு இன்னொரு காரணம் அரசாங்கம். 1870 முதல் சென்னை மாகாண அரசு கோடையில் ஊட்டிக்கு வந்து தங்கியது. கவர்னரும் அதிகாரிகளும் கூடியிருக்கும் நேரத்தில் பூ இருக்க வேண்டும். 1896-இல் மலர்க் கண்காட்சி தொடங்கியது. நூறாவது கண்காட்சியின் நினைவாக 1995-இல் ரோஜாப் பூங்கா வந்தது. கவர்னர்கள் போய், இப்போது சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். மே மாதம் மட்டும் மாறவில்லை. அதற்காகப் பனிக்காலை இருட்டில் குனிந்து வேலை செய்பவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மக்கைவர் பெயர் இருக்கிறது.

இந்த வசந்தத்துக்கு மலை ஒரு விலையும் கொடுத்தது. ஊர் நினைவுக்காக வெள்ளைக்காரர்கள் நட்டு வைத்த மஞ்சள் பூ ஸ்காட்ச் புரூமும் முள் நிறைந்த கார்ஸும் வேலி தாண்டிப் புல்வெளிக்குப் போய்விட்டன. விறகுக்காகச் சோலையை வெட்டித் தீர்த்தபின் கற்பூர மரமும் சீகை மரமும் வந்தன. அவை நின்ற இடமெல்லாம் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் 1961-இல் நம் ஊட்டியில்தான். அதன் பிறகுதான் ஒரே நிலத்தில் திரும்பத் திரும்பக் கிழங்கு போடாதே, காரட், கோஸ், பூண்டு என்று மாற்றிப் போடு என்ற அறிவுரை வலுத்தது.

நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது வீட்டு வாசலில் பத்துத் தொட்டிகளாவது இருக்கின்றன. மாசியில் மிலாரை எடுத்துவிட்டு மண்ணைக் கிளறும்போது இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் அழகும் உண்டு, அழிவும் உண்டு. அடுத்தது, நர்சரியில் புதுச்செடி வாங்கும்போது பூவின் நிறத்தை மட்டும் கேட்காதீர்கள். தொட்டிக்குள் அடங்குமா, வேலி தாண்டுமா என்றும் கேளுங்கள். அன்றைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை.