நினைவகம் பிழைவிட்டால் பழி யாருக்கு?

ஒரு டெஸ்க்டொப் கம்பியூட்டர் நாளுக்கு இரண்டு தரம் நீலத் திரை காட்டி நிற்குது. ஒவ்வொரு தரமும் வேற வேற பிழைக் குறியீடு. கேம் பாதியில் மூடுப்படுது, இறக்கின சிப் ஃபைல் விரியுதில்லை. எங்கட பக்கம் இதுக்கு வாற முதல் பதில் எல்லாருக்கும் தெரியும்: "விண்டோஸைத் திருப்பிப் போடுங்கோ." போட்டும் சரிவராவிட்டால் வைரஸ், பிறகு கரண்ட், கடைசியில் பாவிக்கிற ஆளின் கை. ரேமின் வேகத்தைக் கூட்டி விட்டிருக்கோ, அதாவது ஓவர்குளொக் பண்ணியிருக்கோ என்று கேட்பவர்கள் குறைவு.

இந்தக் கேள்வி பிந்தி வருவதற்கு ஒரு வரலாறு இருக்கு. நினைவகம் பிழைவிடும் என்பது ஒரு காலத்தில் கம்பியூட்டர் செய்தவர்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விசயம். பாவிக்கிற எங்களுக்குத்தான் அது மெல்ல மெல்ல மறைக்கப்பட்டது.

1940களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹமிங் என்ற கணிதவியலாளர் வார இறுதிகளில் ரிலே இயந்திரம் ஒன்றில் கணக்குகளை ஓடவிடுவார். வார நாளில் பிழை வந்தால் திருத்த ஆட்கள் இருந்தார்கள். வார இறுதியில் யாரும் இல்லை. பிழை வந்தால் இயந்திரம் அந்தக் கணக்கைக் கைவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். பிழை இருக்கு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரம் அதைத் திருத்தவும் ஏன் கூடாது என்று ஹமிங் யோசித்தார். அந்த யோசனை 1950இல் கட்டுரையாக வந்தது. இன்றைக்கு சேர்வர்களில் இருக்கிற, பிழைதிருத்தும் ஈசிசி நினைவகம் அந்தக் கட்டுரையின் வழி வந்தது.

1966இல் ஐபிஎம்மின் ரொபர்ட் டெனார்ட் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கொள்ளளவியும் மட்டும் கொண்ட நினைவகக் கலத்தை யோசித்தார். இன்றைய ரேம் இன்னும் அதுதான். கொள்ளளவியை ஓட்டை வாளி என்று நினையுங்கோ. மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும், திரும்பத் திரும்ப நிரப்ப வேணும். 1970இல் வந்த இன்டெல் 1103 சில்லுக்கு இது 2 மில்லிசெக்கனுக்கு ஒருதரம், டிடிஆர்4இல் பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒருதரம். சூடு கூடினால் கசிவும் கூடும். 1978இல் இன்டெலின் திமதி மேயும் மரே வூட்சும் இன்னொன்றைக் காட்டினார்கள்: சில்லைப் பொதிந்த பொருளில் மிகச் சிறிதளவு இருந்த யுரேனியமும் தோரியமும் வெளிவிடுகிற அல்பா துணிக்கைகள் ஒரு பிட்டைப் புரட்டிவிடும். பழுதே இல்லாத சில்லும் பிழைவிடும் என்று அப்போதே தெரிந்திருந்தது.

அதனால்தான் 1981இல் வந்த ஐபிஎம் பீசியில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் ஒன்பதாவதாக ஒரு காவல் பிட் இருந்தது. கணக்குப் பிழைத்தால் கம்பியூட்டர் "பரிட்டி" பிழை என்று திரையில் எழுதி நின்றுவிடும். எரிச்சல்தான், ஆனால் நேர்மை. 1990களில் விலையைக் குறைக்கிற போட்டியில் வீட்டுக் கம்பியூட்டர்களில் இருந்து அந்த ஒன்பதாவது பிட் காணாமல் போனது. பிழை நிற்கவில்லை, பிழையைச் சொல்கிற வாய்தான் மூடப்பட்டது.

அதே காலத்தில்தான் ஓவர்குளொக் மோகம் பரவியது. 1998இல் வந்த செலரோன் 300ஏ அதன் நாயகன். பஸ் வேகத்தை 66இல் இருந்து 100 மெகாஹேர்ட்ஸ் ஆக்கினால் 300 மெகாஹேர்ட்ஸ் சில்லு 450இல் ஓடும். ரேமும் சேர்ந்து 100இல் ஓட வேணும், தாங்காத ரேம் கவிழ்த்துவிடும். ஆனால் அதைச் செய்தவருக்குத் தான் என்ன செய்கிறேன் என்று தெரியும். 2007இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்எம்பி அதை மாற்றியது. பயோஸில் ஒரே ஒரு தெரிவு, வேகமும் வோல்டும் தாங்களாகவே ஏறும். டிடிஆர்4க்கு ஜெடெக் வகுத்த உச்ச வேகம் 3200, வோல்ட் 1.2. பெட்டியில் 3600 என்று போட்டிருந்தால் அது ஓவர்குளொக் வேகம், பெரும்பாலும் 1.35 வோல்டில். ரேம் தாங்கினாலும் ப்ரொசெசருக்குள் இருக்கிற நினைவகக் கட்டுப்படுத்தியும் மதர்போட்டும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான்கு ரேம் போட்டால் இன்னும் கஷ்டம்.

பழி எங்கே போனது? மைக்ரோசொஃப்டின் ரேமண்ட் சென் 2005இல் எழுதிய கதை ஒன்று இருக்கு. அவருடைய சகா ஒருவர் விண்டோஸ் கவிழ்ந்த அறிக்கைகளைப் பார்த்தபோது, கவிழவே முடியாத ஒரு எளிய கட்டளையில் கவிழ்ந்திருந்தது. விசாரித்தால் ப்ரொசெசர் ஓவர்குளொக். சிலருக்கு அது தெரியவே தெரியாது, விற்ற கடை வேகத்தைக் கூட்டிக் கொடுத்திருந்தது. அதுவரை குற்றவாளி விண்டோஸ்.

ஆகவே சந்தேகத்தை சரியான இடத்தில் இருந்து தொடங்க வேணும். முதலில் எக்ஸ்எம்பியை நிறுத்தி ஜெடெக் வேகத்துக்கு வாங்கோ. கவிழ்வது நின்றால் பொருளில் பழுது இல்லை, நாங்கள் கேட்ட வேகம்தான் கூட. நிற்காவிட்டால் 1994இல் இருந்து இருக்கிற மெம்டெஸ்ட்86ஐ இரவு முழுக்க ஓடவிடுங்கோ. ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "கொஞ்சம் பரவாயில்லை" என்று ஒன்று இல்லை. பிறகு ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லொட்டாகத் தனித்தனியே சோதித்தால் எது பழுது என்று பிடிபடும். வேகம் வேணும் என்றால் ஒரு படி மட்டும் ஏற்றி, திரும்பச் சோதியுங்கோ. இரண்டு மாற்றத்தை ஒன்றாகச் செய்தால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

நீலத் திரையைக்கூட மன்னிக்கலாம், அது சொல்லிவிட்டுச் சாகுது. பயப்பட வேண்டியது சத்தமில்லாத பிழைக்கு. ஆய்வுக் கட்டுரையோ பழைய படங்களின் ஸ்கேனோ சேமிக்கும்போது ஒரு பிட் புரண்டால், பிழையான பிரதிதான் டிஸ்கில் மூலப் பிரதியாக நிற்கும். டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே ஒரு பிழைதிருத்தி இருக்கு, ஆனால் அது சில்லில் இருந்து ப்ரொசெசர் வரைக்குமான பாதையைக் காப்பதில்லை. வேகம் கூடினால் பிழை வருகிற இடங்களில் அந்தப் பாதையும் ஒன்று.

பெட்டியில் 3600 என்று பெரிதாக அச்சடிக்க இடம் இருக்கு. "உங்கட நினைவகம் இன்றைக்கு ஒருதரம் பிழைவிட்டது" என்று வீட்டுக் கம்பியூட்டரில் ஒரு வரி காட்ட மட்டும் இடம் இல்லை. 1981இல் அது இருந்தது. அதைத் திரும்பக் கேட்பது பேராசை இல்லை.