காரைக்கால் பேயின் சிரிப்பு

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவில், காரைக்கால் வீதிகளில் மாடிகளிலிருந்து மாம்பழம் பறக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வர வர, கீழே ஒரு கூட்டமே ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும். அம்மையார் கதையைக் கேட்ட என் ஆபீஸ் நண்பன், "மச்சி, இது சூப்பர்ஹீரோ ஆரிஜின் ஸ்டோரிடா" என்றான். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கதை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை அடியாருக்கு இட்டுவிடுகிறாள் புனிதவதி. கணவன் அதையும் கேட்கிறான். அவள் சிவனை நினைக்க, கையில் பழம் வருகிறது. சூப்பர்ஹீரோ படமென்றால் இங்கே பின்னணி இசை எகிறும். சேக்கிழாரிடமோ கணவன் பயப்படுகிறான். கப்பலேறிப் போகிறான், பாண்டிநாட்டில் இன்னொருத்தியை மணக்கிறான், பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளை அங்கே கூட்டிப்போனதும் குடும்பத்தோடு காலில் விழுகிறான். அதன் பிறகுதான் அவள் உடம்பின் அழகை உதறிப் பேய் வடிவம் வேண்டுகிறாள். 2011-இல் வந்த 'கேப்டன் அமெரிக்கா'வில் ஒல்லிப் பையனுக்கு ஊசி போட்டு உடம்பை ஏற்றுவார்கள். இது நேர் எதிர்.

ஆனால் சேக்கிழாருக்குப் பல நூற்றாண்டு முன்பே அம்மையார் தானே எழுதியிருக்கிறார். அந்தப் பாடல்களில் மாம்பழமும் இல்லை, கணவனும் இல்லை. தன்னைக் 'காரைக்கால் பேய்' என்கிறார், அவ்வளவுதான். ஆரிஜின் ஸ்டோரி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தப் பாடல்களின் டோன்தான் எனக்கு ஆச்சரியம். திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒரு பேய், சுடுகாட்டுக் கொள்ளியை மசித்து மை தீட்டிக்கொள்கிறது. கெக்கலித்துச் சிரிக்கிறது, மிரண்டு துள்ளுகிறது, நெருப்பு சுட்டுவிட, எரிச்சலில் புழுதியை அள்ளி அணைக்கப் பார்க்கிறது. சிரிப்பு வருகிறது. அதே பாட்டில், அதே இடத்தில், சிவன் ஆடிக்கொண்டிருக்கிறான். சிரிப்பு பயத்தைக் குறைக்கவில்லை.

2017-இல் வந்த 'தோர்: ரக்னராக்' படத்தில் தோரின் ஊரே அழிகிறது. கல் மனிதன் ஒருவன், அஸ்திவாரம் இருக்கும்வரை திரும்பக் கட்டிக்கலாம் என்று ஆறுதல் சொல்கிறான். அடுத்த நொடி எல்லாம் வெடித்துச் சிதறுகிறது. தியேட்டரே சிரித்தது, நானும்தான். ஆனால் ஊரை இழந்தவனின் முகத்தைப் பார்க்காமலே தப்பித்துவிட்டோம். மறுபக்கம், 2013-இன் 'மேன் ஆஃப் ஸ்டீல்' சிரிக்கவே அஞ்சுகிறது. ஒன்று துக்கத்தைக் கண்டு ஓடுகிறது, இன்னொன்று சிரிப்பைக் கண்டு. பரமதத்தனும் ஓடியவன்தான்.

நம் சினிமாவும் தப்பவில்லை. 1973-இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த 'காரைக்கால் அம்மையா'ரில் இளம் புனிதவதி லட்சுமி; உருமாறிய பிறகு கே.பி.சுந்தராம்பாள். 1953-லேயே ஔவையாக நடித்து எல்லோருக்கும் பாட்டியானவர் அவர். குரல் கணீரென்று நெஞ்சில் இறங்குகிறது. ஆனால் பேய் எங்கே? சோழர் காலச் செப்புச் சிலைகளில் விலா எலும்பு தெரிய, தாளம் தட்டி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் எங்கே?

நண்பன் அந்தத் திருவிழாவில் ஒரு மாம்பழத்தைப் பிடித்துவிட்டான். ஒரே குஷி. "ஆலங்காட்டுப் பதிகம் ரெண்டையும் படிடா" என்றேன். மொத்தமே 22 பாட்டு. போஸ்ட் கிரெடிட் சீனுக்காக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.