மேஃப்ளவர் வாசலில் அயோவா ஆறு

அசோகமித்திரனின் ‘ஒற்றன்!’ படித்தவர்களுக்கு அயோவா சிட்டி புதிய ஊர் அல்ல. 1973-இல் அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கிய அனுபவம்தான் அந்த நாவலாயிற்று. எழுத்தாளர்களைத் தங்கவைத்த கட்டடத்தின் பெயர் மேஃப்ளவர். வாசலில் டுபியூக் சாலை. சாலையைத் தாண்டினால் ஆறு. 2008 ஜூன் மாதம் அந்தச் சாலையும் ஆறும் ஒன்றாகிப்போயின. மேஃப்ளவரின் கீழ்ப்பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது.

நூலகப் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், நூலகத்தின் பெருமைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பெருமைகளை எழுதப் பலர் இருப்பார்கள். ஒரு கல்லூரி வளாகம் தன் புத்தகங்களையும் படங்களையும் தூக்கிக்கொண்டு மாடியேறிய கதையைச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

அயோவா ஆறு பெரிய நதி அல்ல. மிசிசிப்பியில் போய்ச் சேரும் பல ஆறுகளில் ஒன்று. பல்கலைக்கழகம் அதன் இரு கரையிலும் பரவியிருக்கிறது. ஊருக்குச் சற்று மேலே, கோரல்வில் என்ற இடத்தில், அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு 1958-இல் ஓர் அணை கட்டி முடித்தது. அதற்குப் பின்பு மேற்குக் கரையின் தாழ்ந்த நிலத்தில் மேலும் சில கலைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. கலை அருங்காட்சியகம் 1969-இல், ஹேன்சர் அரங்கம் 1972-இல். பக்கத்திலேயே இசைப் பள்ளி. ஆற்றங்கரையில் இசையும் ஓவியமும் இருப்பது அழகான யோசனைதான். அந்த அழகுக்குப் பின்னால் இருந்தது அணை கொடுத்த தைரியம்.

அந்தத் தைரியத்துக்கு 1993-இல் முதல் அடி விழுந்தது. நீர்த்தேக்கம் 712 அடி மட்டத்தைத் தாண்டி, அணையின் கலிங்கு வழியாக 28 நாட்கள் மறுகால் பாய்ந்தது. போன வேகத்தில் கீழேயிருந்த சாலையையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போய், 37 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய டெவோனியக் கடலின் தரையை வெளியே காட்டிவிட்டது. பவளமும் கடல் அல்லியும் புதைபடிவங்களாகக் கல்லில் கிடந்தன. ஊர் அதைச் சுற்றுலாத் தலமாக்கி, குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டியது. வெள்ளம் விட்டுச்சென்ற எச்சரிக்கையைப் பூங்காவாக்கிவிட்டால் பயம் போய்விடும் போலும். ஸ்டீவன் ஹோல் வடிவமைத்த புதிய கலைக் கட்டடம் 2006-இல் அதே தாழ்ந்த கரைப் பகுதியில்தான் திறக்கப்பட்டது.

இத்தனைக்கும் நீரைப் பற்றித் தெரியாத பல்கலைக்கழகம் அல்ல அது. 1920-இலிருந்தே அங்கு நீரியல் ஆய்வகம் இருக்கிறது. உலக அளவில் பெயர் பெற்றது. அதன் பழைய செங்கல் கட்டடம் நிற்பதும் ஆற்றை ஒட்டித்தான். ஆற்றைப் பற்றி அவ்வளவு தெரிந்த இடத்திலேயே இப்படி நேர்ந்தது என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு துறைக்குத் தெரிந்தது அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேர ஆகும் காலத்தை எல்லாக் கல்லூரிக்காரர்களும் அறிவோம்.

2008-இல் பனிக்காலம் கடுமையாக இருந்தது. வசந்தத்திலும் மழை விடவில்லை. ஒரு காலத்தில் ஆள் உயரப் புல்வெளியாக இருந்த நிலம் முழுக்க இப்போது மக்காச்சோளமும் சோயாவும்தான். வயலுக்கு அடியில் குழாய் பதித்து ஈரத்தை வடித்து ஓடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். பயிர் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. நிலத்தில் இனி ஊற இடமில்லை. ஜூன் முதல் வாரங்களில் பெய்ததெல்லாம் ஓடி வந்தது. அண்டை நகரமான சீடர் ராப்பிட்ஸில், சீடர் ஆறு ஜூன் 13 அன்று 31.12 அடியைத் தொட்டது. அதற்கு முன் அங்கே பதிவான உச்சமே 20 அடிதான்.

அயோவா சிட்டிக்கு ஒரு சலுகை கிடைத்தது: அவகாசம். நீர்த்தேக்கம் நிரம்பிக் கலிங்கு தாண்டப்போகிறது என்பது சில நாட்கள் முன்பே தெரிந்துவிட்டது. மாணவர்கள், ஊழியர்கள், பேராசிரியர்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். மணல் மூட்டை கட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஒருவர் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, மற்றவர் அள்ளிப் போடுவார். சாக்கைப் பாதிக்குச் சற்று மேல் வரைதான் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பினால் உருண்டையாகி மூட்டைக்கு மூட்டை சந்து விழும். தண்ணீருக்கு அந்தச் சந்து போதும். குறைவாக நிரப்பியது தட்டையாகப் படிந்து, மேலே விழும் எடையில் பக்கத்து மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் திணித்து நிரப்புவார்கள் என்பது எல்லா ஊர் வெள்ளத்திலும் காண்பதுதான்.

கிழக்குக் கரையில் இருக்கும் மத்திய நூலகத்தில் நடந்ததுதான் பலருக்கும் நினைவில் நிற்கிறது. அடித்தளத்தில் நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் ஆய்வேடுகளும் இருந்தன. படிக்கட்டு நெடுக ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கீழே அலமாரியிலிருந்து எடுத்தவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு, அங்கிருந்து மேல்படிக்கு, அப்படியே மேல்தளங்களுக்கு. என் அனுபவத்தில், தாள் மாதிரி ஏமாற்றும் எடை வேறில்லை. ஒரு புத்தகம் ஒன்றுமில்லை. பத்தாவது கட்டில் மணிக்கட்டு கேட்கும். அந்த வரிசையில் நின்றவருக்குத் தன் கைவழியாகப் போகும் நூல் எந்தத் துறை என்றுகூடத் தெரிந்திருக்காது. நூலகத்தின் வகைப்பாட்டு எண்களுக்கு அன்று ஒரே ஒரு பொருள்தான்: கீழே, மேலே.

அருங்காட்சியகத்தில் வேலை வேறு மாதிரி. அங்கே கலைப்பொருள் கையாளத் தெரிந்தவர்கள், மதிப்பு மிக்கவற்றிலிருந்து தொடங்கி, பொதிந்து லாரியேற்றினார்கள். அவற்றில் ஒன்று ஜாக்சன் போலக்கின் ‘மியூரல்’. 1943-இல் பெகி குகன்ஹைமின் நியூயார்க் வீட்டுக்காக வரைந்தது. எட்டு அடி உயரம், இருபது அடி நீளம். பெகி கொடையாகத் தந்து 1951-இல் அயோவாவுக்கு வந்தது. எடுத்துப்போக முடியாமல் விட்டவையும் இருந்தன. எதை முதலில் தூக்குவது என்ற பட்டியலை நம் நூலகங்கள் எத்தனை வைத்திருக்கின்றன என்று கேட்டால், பொன்விழா மேடையில் அது அபசகுனமாகப் படலாம்.

ஜூன் 15 அன்று ஆறு 31.53 அடியைத் தொட்டது. 1993-இன் உச்சத்தைவிட மூன்று அடி அதிகம். மூட்டைச் சுவர்கள் ஆற்றைப் பார்த்து நின்றன. தண்ணீர் காலுக்கடியில் வந்தது. குளிர்ப்பிரதேச வளாகங்களில் கட்டடங்களைச் சூடாக்க, ஒரே ஆலையிலிருந்து நிலத்தடிச் சுரங்கங்கள் வழியே நீராவி போகும். அந்தச் சுரங்கங்கள் வெள்ளத்துக்கு வழியாயின. ஆற்றோர மின் ஆலையும் மூழ்கியது. குளிரே இல்லாத ஜூனில் நீராவி எதற்கு என்று நமக்குத் தோன்றும். மேட்டிலிருந்த மருத்துவமனைக்கு எல்லாக் காலத்திலும் நீராவி வேண்டும். தற்காலிகக் கொதிகலன்களை வரவழைக்க வேண்டியதாயிற்று.

இருபதுக்கு மேற்பட்ட கட்டடங்கள் பாதிக்கப்பட்டன. கடைசியில் இழப்பும் மீட்பும் சேர்ந்து ஏறத்தாழ 74 கோடி டாலர் என்றார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததில்தான் எனக்கு ஈடுபாடு அதிகம். பல்கலைக்கழக நூலகத்தின் நூற்பாதுகாப்பு வல்லுநர்கள் தங்கள் வேலையோடு நிற்காமல் சீடர் ராப்பிட்ஸுக்குப் போனார்கள். அங்கே செக், ஸ்லோவாக் அருங்காட்சியகமும் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. நனைந்த தாளுக்குக் கெடு இரண்டு மூன்று நாள். அதற்குள் பூஞ்சை பிடிக்கும். வழவழப்புத் தாளில் அச்சான கலைநூல்கள் இன்னும் மோசம்: பக்கங்கள் ஒட்டிக்கொண்டு செங்கல்லாகிவிடும். அதனால் முதலில் உறையவைத்துவிடுவார்கள். உறைந்தது அப்படியே நிற்கும், பூஞ்சையும் காத்திருக்கும். பின்பு வெற்றிட அறையில், பனி நீராகாமலே ஆவியாகும்படி உலர்த்துவார்கள். வெயிலில் காயப்போட்டுப் பழகிய நமக்கு, ஈரப் புத்தகத்தைக் காப்பாற்ற உறைபனி என்றால் உடனே மனம் ஒப்பாது.

இந்தப் பொறுமைக்கு எதிர்ப்புறத்தில் இன்னொன்றும் நடந்தது. அவ்வாண்டிலேயே மாநிலக் கல்லூரிகளை ஆளும் குழுவில் ஒருவர், ‘மியூரல்’ ஓவியம் என்ன விலை போகும் என்று கணக்குக் கேட்டார். பதினான்கு கோடி டாலர் என்ற தொகை பேசப்பட்டது. மூழ்கிய கட்டடங்களுக்கு மிதந்து தப்பியதை விற்பது! பின்னர் சட்டமன்றத்திலும் இதற்கு ஒரு மசோதா வந்து, எதிர்ப்பில் அடங்கிப்போனது. கேட்டவரைக் குறை சொல்வது சுலபம். கணக்கு பார்க்கிறவர்களுக்குக் கொடைப்பொருளும் கையிருப்பாகத்தான் தெரியும். படத்தைத் தந்தவர் எதற்காகத் தந்தார் என்பதை நினைவூட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் வேண்டியிருந்தார்கள்.

படத்துக்கோ வீடில்லை. பழைய கட்டடம் இடியவில்லை. ஆனால் அங்கே வைத்தால் காப்பீடு தர முடியாது என்று காப்பீட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள். டேவன்போர்ட்டில் சில ஆண்டு, லாஸ் ஏஞ்சலிஸில் கெட்டி மையத்தில் சுத்தம் செய்ய இரண்டு ஆண்டு, பிறகு வெனிஸ், பெர்லின், லண்டன் என்று அது ஊர் சுற்றியது. ஸ்டீவன் ஹோலின் கலைக் கட்டடம் 2012-இல் மீண்டும் திறந்தது. 2016-இல் புதிய ஹேன்சர் அரங்கம் பழைய இடத்தைவிட மேட்டில் எழுந்தது. இசைப் பள்ளி ஆற்றைவிட்டு நகரத்துக்குள்ளேயே போய்விட்டது. புதிய அருங்காட்சியகம், நூலகத்துக்கு அருகில், 2022 ஆகஸ்டில்தான் திறந்தது. வெள்ளத்தன்று முதலாண்டு மாணவராக மூட்டை தூக்கியவருக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும்.

நீரியல் ஆய்வகத்தாரும் சும்மா இருக்கவில்லை. 2009-இல் மாநிலச் சட்டமன்றம் நிதி ஒதுக்கி, அதே பல்கலைக்கழகத்தில் அயோவா வெள்ள மையத்தை ஏற்படுத்தியது. அவர்கள் உருவாக்கிய கருவி ஒரு சிறு பெட்டி. பாலத்தின் பக்கவாட்டில் மாட்டிவிடுவார்கள். ஒலி அலையைக் கீழே அனுப்பி, அது நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு மட்டத்தைக் கணிக்கும். மின்கம்பி வேண்டாம், சூரியத் தகடு போதும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு இணையத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெரிய நதிகளுக்கு அரசின் அளவுமானிகள் ஏற்கெனவே உண்டு. இந்தப் பெட்டிகளில் பல, பெயர்கூட அவ்வளவாக வெளியே தெரியாத ஓடைகளின் மேல், சோளக் காட்டுக்கு நடுவில் இருக்கும் சின்னப் பாலங்களில் தொங்குகின்றன.