செஃபீடு மாறுவிண்மீன்களும் பேரடைகளின் தொலைவும்

செஃபீடு மாறுவிண்மீன்கள், சீரான கால இடைவெளியில் விரிந்து சுருங்கும் பெரும் விண்மீன்கள். விரிந்து சுருங்குகையில் அவற்றின் ஒளியும் கூடிக் குறைகிறது. ஒரு சுற்று முடிய ஒரு நாளும் ஆகலாம், நூறு நாளும் ஆகலாம். சூரியனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு ஒளிர்வதால், அயல் பேரடைகளிலும் இவற்றைத் தனித்தனியே இனங்காண முடிகிறது. அப்பேரடைகள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதைக் கணிக்க இவை பெரிதும் உதவுகின்றன.

இங்கிலாந்தின் யார்க் நகரில் வாழ்ந்த ஜான் குட்ரிக் காது கேளாதவர். டெல்டா செஃபீ என்ற விண்மீனின் ஒளி ஏறி இறங்குவதை 1784இல் கண்டறிந்தபோது அவருக்கு வயது 20. அந்த விண்மீனின் பெயரே இந்த இனத்துக்கு நிலைத்தது. அதன் ஒரு சுற்றுக்கு 5.37 நாள் ஆகிறது.

துடிப்பின் காரணம்

துடிப்பை இயக்குவது விண்மீனின் வெளியடுக்கில் உள்ள ஹீலியம். அடுக்கு அமுங்கும்போது ஹீலியம் எலக்ட்ரான்களை இழந்து, ஒளி ஊடுருவாதபடி ஆகிவிடுகிறது. உள்ளே தேங்கும் வெப்பம், கொதிக்கும் பானையின் மூடியைப் போல அடுக்கை மேலே தள்ளுகிறது. விரிந்த அடுக்கு குளிர்ந்ததும் ஹீலியம் எலக்ட்ரான்களைத் திரும்பப் பெறுகிறது. வெப்பம் வெளியேற வழி கிடைக்கிறது. ஈர்ப்பு விசை அடுக்கை மீண்டும் உள்ளே இழுக்கிறது.

லீவிட் விதி

அமெரிக்காவின் ஹார்வர்ட் வான்காணகத்தில் பணியாற்றிய ஹென்ரியெட்டா ஸ்வான் லீவிட், பெரு நாட்டின் அரேகிப்பாவில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளை ஆராய்ந்தார். சிறிய மெகல்லன் மேகம் என்ற அண்டைப் பேரடையில் இருந்த 25 மாறுவிண்மீன்களைப் பற்றிய முடிவு 1912இல் வெளியானது: துடிப்புக் காலம் நீள நீள, விண்மீனின் ஒளியும் மிகுகிறது. அவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே கண்ணுக்குத் தெரிந்த ஒளி வேறுபாடு உண்மையான வேறுபாடே என்பதை அவர் உணர்ந்தார்.

இந்த உறவு தொலைவைக் கணிக்கும் வழியைத் திறந்துவிட்டது. துடிப்புக் காலத்தை அளந்தால் விண்மீனின் உண்மையான ஒளி தெரியும். நமக்கு வந்து சேரும் ஒளியோ தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். ஒரே துடிப்புக் காலம் கொண்ட இரு செஃபீடுகளில் ஒன்று நூறு மடங்கு மங்கலாகத் தெரிந்தால், அது பத்து மடங்கு தொலைவில் இருக்கிறது. இடையில் உள்ள தூசு மறைக்கும் ஒளியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆந்திரமேடா

1923 அக்டோபரில் வானியலாளர் எட்வின் ஹபிள், அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வான்காணகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியால், மங்கிய மேகம் போலத் தெரியும் ஆந்திரமேடாவைப் படமெடுத்தார். நோவா (திடீரென ஒளிர்ந்து மங்கும் விண்மீன்) என்று முதலில் தாம் குறித்த ஒரு புள்ளி செஃபீடு என்று கண்டதும், தகட்டில் இருந்த குறிப்பை அடித்து மாற்றினார். அதன் துடிப்புக் காலம் சுமார் 31 நாள். கிடைத்த தொலைவு ஏறத்தாழ 9 லட்சம் ஒளியாண்டு. ஆந்திரமேடா நம் பால்வழிக்கு அப்பாற்பட்ட தனிப் பேரடை என்பது உறுதியானது. லீவிட் இதைப் பார்க்கவில்லை. அவர் 1921இலேயே இறந்துவிட்டார்.

அளவுகோலின் திருத்தங்கள்

ஹபிளின் எண் மிகக் குறைவு. செஃபீடுகளில் இரு வகை உண்டு என்றும், ஒரே துடிப்புக் காலத்தில் ஒரு வகை மற்றதைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மங்கல் என்றும் வானியலாளர் வால்டர் பாடே கண்டறிந்தார். 1952இல் ரோமில் நடந்த வானியலாளர் மாநாட்டில் அவர் இதை அறிவித்தபோது, பேரடைகளின் தொலைவுகள் சுமார் இரு மடங்காயின. பின்வந்த திருத்தங்களையும் சேர்த்து, ஆந்திரமேடா 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பதாக இன்று கணிக்கப்படுகிறது.

பால்வழியில் உள்ள செஃபீடுகளின் தொலைவை நேரடியாக அளந்தால்தான் அளவுகோல் சரியாக அமையும். ஐரோப்பாவின் ஹிப்பார்கஸ், கையா விண்கலங்கள் இடமாறு தோற்ற முறையில் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தோன்றும் அளவைக் கொண்டு) இதைச் செய்தன. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எம்100 பேரடையின் செஃபீடுகளைக் கண்டு, அதன் தொலைவு சுமார் 5.6 கோடி ஒளியாண்டு என்று 1994இல் காட்டியது. இன்னும் தொலைவில் உள்ளவற்றுக்கு ஒன்று-ஏ வகை மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் பயன்படுகின்றன. அவற்றின் உண்மையான ஒளியைச் சரிபார்ப்பதும் செஃபீடுகளைக் கொண்டே.

இவ்வழியில், பிரபஞ்ச விரிவின் வேகம் ஒரு மெகாபார்செக் (பேரடைத் தொலைவுகளுக்கான அலகு) தொலைவுக்கு விநாடிக்குச் சுமார் 73 கிலோமீட்டர் எனக் கிடைக்கிறது. தொடக்ககாலப் பிரபஞ்சத்தின் எஞ்சிய கதிர்வீச்சை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் தரவுகளோ சுமார் 67 என்கின்றன. நெருக்கமாகத் தெரியும் விண்மீன்களின் ஒளி கலந்து செஃபீடு அளவீட்டைக் கெடுத்திருக்கலாம் என்ற ஐயத்தை வானியலாளர்கள் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி கொண்டு சோதித்தனர். ஹபிள் தொலைநோக்கியின் அளவீடுகளோடு முடிவுகள் ஒத்துப்போயின. 73க்கும் 67க்கும் இடையிலான முரண் தீரவில்லை.