மாதுளம்பழம் எறிந்தவர்

மிஸ்ரை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 872 வாக்கில், ஃபுஸ்தாத் நகரை அடுத்து ஒரு பீமாரிஸ்தானை எழுப்பினார். மருந்துக்கும் உணவுக்கும் கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவரே அங்கு சென்று நோயாளிகளைப் பார்ப்பார். ஒருநாள், மனநோயாளிகள் பகுதியில் விலங்கிடப்பட்டிருந்த ஒருவர் அவரை அழைத்தார். தாம் பைத்தியம் அல்லர் என்றும், சூழ்ச்சியால் இங்கே அடைக்கப்பட்டவர் என்றும் முறையிட்டு, பெரிய மாதுளம்பழம் ஒன்று வேண்டுமென்று கேட்டார். பழம் வந்தது. மகிழ்ச்சியோடு கையில் வைத்து உருட்டிப் பார்த்தவர், எதிர்பாராத நொடியில் அதை ஆட்சியாளர் மீதே வீசியெறிந்தார். உடையெல்லாம் சாறு தெறித்தது. அதன் பின்னர் இப்னு தூலூன் அங்கே கால் வைக்கவில்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி பதிவு செய்கிறார்.

இதை வேடிக்கைக் கதையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். ஆனால் அந்த மனிதர் சொன்ன முதல் வாக்கியத்தைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். சூழ்ச்சியால் அடைக்கப்பட்டதாக ஒருவர் சொல்கிறார். அது உண்மையா, நோயின் பேச்சா? பழம் எறிந்ததால் அவர் சொன்னது பொய் என்று ஆகிவிடுமா? அதை விசாரிக்க அங்கே யாரும் இருந்ததாகக் கதையில் இல்லை. அமீரின் காது ஒன்றுதான் வழி. அதுவும் அன்றோடு அடைபட்டது.

முஸ்லிம்களின் மருத்துவப் பெருமையைப் பேசும் உரைகளில் இந்தப் பகுதி வருவதில்லை. திமிஷ்கில் நூருத்தீன் ஸன்கி 1154-இல் கட்டியது, கெய்ரோவில் ஸுல்தான் கலாவூன் 1284-இல் கட்டியது, ஹலப் நகரில் 1354-இல் எழுந்த அர்கூன் பீமாரிஸ்தானின் முற்றங்களும் நீரூற்றுகளும், எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் 1488-இல் நிறுவிய மருத்துவமனையில் நோயாளிகளுக்காக இசைக்கப்பட்ட இசை ஆகியவை எல்லாம் வரும். அவை உண்மையே, வக்ஃபு வருமானத்தில் நடந்த அரும்பணிகளே. ஆயினும் 1184-இல் திமிஷ்கின் பீமாரிஸ்தானைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், மனநோயாளிகளுக்குச் சிகிச்சை உண்டு என்று எழுதிய அதே இடத்தில், அவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததையும் எழுதி, விதியின் கொடுமையிலிருந்து இறைவனிடம் பாதுகாவல் தேடுகிறார். எதிர்னேயின் இசையைப் புகழ்ந்த எவ்லியா செலெபியும் சங்கிலியைக் குறிப்பிடத் தவறவில்லை. முன்னோர்கள் மறைக்காததை நாம் ஏன் மறைக்கிறோம் என்பது நமக்குப் புரியவில்லை.

அறிவுத் துறையில் அவர்கள் சென்ற தூரமும் சிறிதன்று. பல்க் நகரத்து அபூ ஸைத் (இறப்பு 934) உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்று உள்ளத்தின் நோய்களை வகுத்தார். துயரத்திலும், காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் கவியும் துயரம் வேறு என்று பிரித்தார். இன்றைய மருத்துவ மாணவரும் மனச்சோர்வு நோயைப் படிக்கையில் இழப்பின் துக்கத்தையும் நோயையும் பிரித்தறியவே முதலில் கற்கிறார்.

ஃபிக்ஹ் நூல்களிலும் ஒரு நுட்பம் உண்டு. புத்தி பேதலித்தவர் மீது தொழுகை, நோன்பு முதலிய கடமைகள் இல்லை. அவருடைய சொத்தை வலீ காக்க வேண்டும். ஆனால் தெளிவு திரும்பிய கணமே அந்தத் தடை நீங்கிவிடுகிறது. காழியின் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பது நம் பகுதியில் பரவலாகப் பின்பற்றப்படும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. நோய் என்பது ஒரு நிலை. அந்த மனிதரின் நிரந்தர முத்திரை அன்று.

இத்தனையும் கைவசம் இருந்த சமுதாயத்தின் நடுவில்தான் ஏர்வாடி நிகழ்ந்தது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவை அண்டி நடத்தப்பட்டுவந்த காப்பகம் ஒன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. இறந்தோர் தொகை 28 ஆயிற்று. முஸ்லிம்களும் பிற சமயத்தவரும் ஒருசேர நம்பிக்கையோடு நோயாளிகளை அழைத்துவரும் ஊர் அது. கனவில் உத்தரவு கிடைக்கும் வரை தங்க வேண்டும் என்பது அங்கு நிலவிய நம்பிக்கை. உத்தரவுக்காகக் காத்திருந்தவரைச் சுற்றி வாடகையும் சங்கிலியும் வளர்ந்தன. மருத்துவர் வரவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. 1912-ஆம் ஆண்டின் சட்டம் நோயாளியிடமிருந்து ஊரைக் காப்பதையே பெரிதும் கருதியது. அதை நீக்கி வந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம். ஏர்வாடியில் அது காகிதத்தோடு நின்றது. உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்து, 2002-இல் பிறப்பித்த ஆணையில், மனநோயாளிகளைக் கட்டிப்போடுவது சட்டவிரோதம் என்றும், அவர்களைக் கோயில், தர்கா போன்ற இடங்களுக்கு அன்றி மருத்துவரிடமே அனுப்ப வேண்டும் என்றும் மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு அரசுகளைப் பணித்தது. தர்கா என்ற சொல் அந்த ஆணையில் இடம்பெற்றது நமக்கு வலிக்கத்தான் செய்தது. வலிக்க வேண்டியதும்தான்.

அக்கொட்டகையில் இருந்தோரைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இருப்பவை மனச்சிதைவு நோயோ இருமுனை நோயோதான். இல்லாத குரல் கேட்பதும், அசைக்க முடியாத பொய்ந்நம்பிக்கைகளும் மனச்சிதைவின் அடையாளங்கள். குரல் கேட்கிறது என்றதும் ஜின் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் காத்திருக்கும்போது நோய் ஆழமாகிறது. 1952-இல் பாரீஸில் குளோர்ப்ரோமஸின் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்நோய்க்கு மாத்திரை உண்டு. இருமுனை நோய்க்கு லித்தியம் பயன்படுவதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் அறிவித்தார். 1938-இல் ரோமில் தொடங்கிய மின்னதிர்வுச் சிகிச்சையை நாம் இன்னும் திரைப்படக் காட்சிகளாகவே அறிந்திருக்கிறோம். மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் தந்தே அது இன்று அளிக்கப்படுகிறது. கடும் மனச்சோர்வில் உயிர் காக்கிறது. மருந்துகளுக்குப் பக்கவிளைவு உண்டு. கைநடுக்கமும் உடல்பருமனும் வரலாம். அதைச் சொல்லி மருத்துவரிடம் மாற்றிக்கொள்ளலாம். தாமாக நிறுத்துவதே ஆபத்து.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தடை செய்யப்பட்ட செயல்களின் பட்டியலில் சங்கிலியை வெளிப்படையாகவே சேர்த்தது. எந்த வடிவிலும் கூடாது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்க, அவர் நியமித்த பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையோ, தம்மைப் பேண இயலாமல் ஆபத்துக்கு உள்ளாகும் நிலையோ இருக்க வேண்டும். அப்போதும் முதலில் 30 நாட்களே. ஏழு நாட்களுக்குள், பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் மூன்று நாட்களுக்குள், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடைக்கப்பட்டவர் அந்த வாரியத்திடம் முறையிடலாம்.

ஃபுஸ்தாத்தின் அந்த மனிதருக்குக் கிடைக்காதது இதுதான். அவர் பழத்தை எறிந்த பிறகும் அவருடைய முறையீட்டைக் கேட்டாக வேண்டிய ஓர் இடம்.

ஏர்வாடியில் இப்போது துஆவோடு மருந்தும் என்ற முறையில் அரசின் மனநலச் சேவை நடக்கிறது. ஜியாரத்துக்கு வருவோர் மருத்துவரையும் கண்டு செல்கின்றனர். வீட்டில் ஒருவருக்கு இத்தகைய அறிகுறிகள் இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண் 14416, தமிழிலும் பேசலாம்.