காற்றடைத்த சக்கரமும் நம் தோட்டத்துப் பள்ளிகளும்

நான்காம் ஆண்டு மாணவர்களின் திரட்டேடுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு வரி என்னை நிறுத்தியது. "மிதிவண்டி டயரைக் கண்டுபிடித்தவர் டன்லப். ஆண்டு 1888." மாணவி அழகாக எழுதிப் படமும் ஒட்டியிருந்தாள். சரி என்று குறியிட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். ஆனால், அந்த ஒரு வரிக்குள் பலருடைய தோல்விகளும், நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்த கதையின் ஒரு பகுதியும் மறைந்து கிடக்கின்றன. ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி என்பதால் அதனை இங்கே எழுதுகிறேன்.

காற்றடைத்த டயருக்கு முதலில் காப்புரிமை பெற்றவர் டன்லப் அல்லர். இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் 1845ஆம் ஆண்டிலேயே அதனைப் பெற்றுவிட்டார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணியாலான குழாயில் காற்றடைத்து, அதன்மேல் தோல் உறை போர்த்திக் குதிரை வண்டிச் சக்கரங்களில் பொருத்தினார். 1847இல் இலண்டன் ரீஜண்ட் பூங்காவில் அவ்வண்டிகள் ஓசையின்றி ஓடியதைக் கண்டு மக்கள் வியந்தனர். ஆயினும் அக்கண்டுபிடிப்பு நிலைக்கவில்லை. தரமான மெல்லிய ரப்பர் கிடைப்பது அரிதாக இருந்தது, செலவும் மிகுதி. எல்லாவற்றிற்கும் மேலாக, அதற்கு ஏற்ற வண்டி இன்னும் பிறக்கவில்லை. குதிரைக்கு இழுவை எளிதாக வேண்டும் என்று பெருஞ்செலவு செய்ய எவரும் முன்வரவில்லை. மிதித்து ஓட்டும் இருசக்கர வண்டி பாரிசில் பரவியது 1860களில்தான். தாம்சனின் டயர் மறக்கப்பட்டது.

அடுத்து வந்தது உயரமான முன்சக்கரம் கொண்ட மிதிவண்டி. அதன் பெரிய சக்கரம் சாலைப் பள்ளங்களை ஓரளவு எளிதாகக் கடந்துவிடும். ஆனால், ஓட்டுபவர் தலைகுப்புற விழும் ஆபத்து இருந்தது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் வெளியிட்ட 'ரோவர்' மிதிவண்டி இக்குறையைப் போக்கியது. இரு சிறிய சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி என இன்றைய மிதிவண்டியின் வடிவம் அதில் அமைந்தது. ஆனால், ஒரு குறையைத் தீர்த்தபோது மற்றொரு குறை முளைத்தது. சக்கரம் சிறிதானதும் அதிர்வு கூடியது. கெட்டி ரப்பர் பட்டை சுற்றிய சக்கரங்கள் கல் பாவிய தெருக்களில் ஓடும்போது உடம்பே நடுங்கியது.

இந்த நடுக்கத்தைத் தீர்க்கப் பலரும் வில்கம்பியை நாடினர். அதே 1885ஆம் ஆண்டில் வெளிவந்த 'விப்பெட்' என்னும் மிதிவண்டியில் சட்டகத்திற்கே வில்கம்பிகள் பூட்டப்பட்டிருந்தன. இருக்கையும் கைப்பிடியும் மிதிகட்டையும் ஒன்றாய் இணைந்து, சக்கரங்களின் அதிர்விலிருந்து விலகி நின்றன. நுட்பமான அமைப்புதான். ஆனால், எடை கூடியது. தேயும் மூட்டுகளும் பெருகின. அக்கால வல்லுநரை எதிர்காலம் எது என்று கேட்டிருந்தால் வில்கம்பியையே பலர் காட்டியிருப்பர்.

விடை வேறு பக்கமிருந்து வந்தது. பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தவர் ஜான் பாய்ட் டன்லப். தம் சிறுவயது மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓட வழி தேடினார். ரப்பர் தகடுகளை ஒட்டிக் குழாயாக்கி, காற்றடைத்து, மரவட்டில் துணியால் கட்டினார். அதனையும் வண்டியின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். காற்றடைத்தது நெடுந்தொலைவு ஓடியது. 1888இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டு பெல்ஃபாஸ்டில் வில்லி ஹியூம் என்னும் வீரர் இந்த டயருடன் பந்தயங்களில் வென்றார். தடித்த டயரைக் கண்டு நகைத்தவர்கள் வாயடைத்துப் போயினர்.

இதோடு கதை முடியவில்லை. தாம்சனின் பழைய காப்புரிமை வெளிச்சத்துக்கு வந்ததும் டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்றாயிற்று! மேலும், அவருடைய டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டிருந்தது. பஞ்சர் ஆனால் பிரித்து ஒட்டிக் காயவைக்கப் பல மணி நேரம் ஆகும். அதனைக் காப்பாற்றியவை மூன்று சிறிய துணைக்கருவிகள். 1890இல் சார்லஸ் வெல்ச் விளிம்பில் கம்பி வைத்த டயரையும் அதற்குரிய சக்கர வளையத்தையும் அமைத்தார். 1891இல் சார்லஸ் வூட்ஸ் எளிதில் காற்றடைக்கவும் கழற்றவும் கூடிய வால்வை உருவாக்கினார். அதே ஆண்டு பிரான்சில் மிச்செலின் சகோதரர்கள் கழற்றி மாட்டும் டயரைக் கொண்டுவந்தனர். அதனைப் பூட்டிய சார்ல் தெர்ரோன், ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் நீண்ட பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தை வென்றார். வழியோரத்திலேயே பழுதுபார்க்க முடிந்த பின்னரே டயர் எல்லோருக்கும் உரிய பொருளாயிற்று. வில்கம்பிச் சட்டகங்கள் சில ஆண்டுகளில் மறைந்தன. அவை முற்றாகத் தோற்றன என்றும் கூற முடியாது. ஒரு நூற்றாண்டு கழித்து, 1980களின் இறுதியில், மலைப்பாதை மிதிவண்டிகளில் அவ்வெண்ணம் புதுவடிவில் திரும்பி வந்தது.

இனி நம் கதைக்கு வருவோம். 1890களில் மிதிவண்டி மோகம் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் ஆட்கொண்டது. டயருக்கு ரப்பர் வேண்டும். அது அன்று காட்டு மரங்களிலிருந்தும் கொடிகளிலிருந்தும் வந்தது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆட்சியில் இருந்த கொங்கோவில் மக்களைப் பிணைவைத்தும் வதைத்தும் ரப்பர் திரட்டினர். கைகளை வெட்டிய கொடுமையும் நடந்தது. ஐரோப்பியச் சாலைகளில் நடுக்கம் குறைந்த அதே ஆண்டுகளில் ஆப்பிரிக்கக் கிராமங்கள் நடுங்கின.

மலாயாவில் அப்போது மரங்கள் காத்திருந்தன. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அங்குத் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பை ஹென்றி ரிட்லி ஏற்றது டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டில்! மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் மோட்டார் வண்டி வந்ததும் தேவை பன்மடங்காயிற்று.

அந்த மரங்களைச் சீவக் கைகள் வேண்டும். கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும் இரயில் பாதைக்கும் தமிழர் முன்னரே வந்திருந்தனர். ஆயினும் பெருந்தொகையாய் வந்தது பால்மரக் காடுகளுக்கே. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, உளியும் வாளியும் ஏந்திக் காட்டுக்குள் நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். அவர்கள் பிள்ளைகளுக்காகத் தோட்டங்களில் பள்ளி வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. முதல் தமிழ் வகுப்பு 1816இல் பினாங்கில் தொடங்கியது என்றாலும், நம் பள்ளிகளில் மிகப் பல இத்தோட்டங்களில்தாம் வேர்விட்டன. அவ்வகையில், நாம் நின்று கற்பிக்கும் வகுப்பறைக்கும் பெல்ஃபாஸ்ட் முற்றத்தில் உருண்ட அந்தச் சக்கரத்துக்கும் உறவு உண்டு.

ரப்பர் விளைந்த இந்த மண்ணிலேயே டயர் ஒருமுறை தோற்கவும் செய்தது. 1941 டிசம்பரில் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் மிதிவண்டிகளில் தெற்கே விரைந்தனர். நம் வெயிலில் டயர்கள் வெடித்தன. அவர்கள் அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினர். இரவில் அந்தக் கடகட ஒலியைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிரணியினர் அஞ்சினராம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோர்களே, பிள்ளைகள் "கண்டுபிடித்தவர் இன்னார்" என்று எழுதும்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். இதற்குமுன் முயன்றவர் யார்? அவர் ஏன் வெல்லவில்லை? வென்றதற்கு உழைத்தவர் யார்? முதல் இரண்டும் அறிவியல். மூன்றாவது வரலாறு, அதைப் பாடநூல் பெரும்பாலும் பெயர் சொல்லி எழுதுவதில்லை.

அம்மாணவியின் திரட்டேட்டில் சரி என்று குறியிட்டு, "இதற்கு ரப்பர் எங்கிருந்து வந்தது? பாட்டியைக் கேட்டு எழுது" என்று மட்டும் சேர்த்தேன். மறுவாரம் ஒரு பக்கம் கூடியிருந்தது. டன்லப்பின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில், துருவேறிய பால்மர உளி ஒன்றின் படம். கீழே, "இது என் பாட்டியுடையது."